கேட்டுவிட்டு அழிக்கும் சிடி

காந்திபுரத்தில் எங்கள் கடை மாடியில் இருக்கிறது. கீழே செல்போன் கவர் விற்கும் கடை, பக்கத்தில் ஒரு லாட்ஜ், நடுவில் ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. ஏறி வருகிறவர்களை முகம் தெரிவதற்கு முன்பே சத்தத்தை வைத்து அறிந்துவிடுவேன். பிரிண்டரைத் தூக்கி வருகிறவர்கள் பாதியில் நின்று மூச்சு வாங்குவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டிரண்டு படியாகத் தாவுவார்கள். அன்று கேட்டது புதிய சத்தம். ஒவ்வொரு படியையும் ஏதோ ஒன்று லேசாகத் தட்டியது, அதன் பிறகே செருப்புச் சத்தம் வந்தது.

வாசலில் வந்து நின்றவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு கையில் வெள்ளைக் குச்சி, இன்னொரு தோளில் கனமான துணிப்பை. பைக்குள் ஒல்லியான பழைய சிபியு ஒன்றின் மூலை துருத்திக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இதுதானுங்களா?"

"ஆமாங்க, வாங்க. உக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினேன். காட்டிய பிறகுதான் உறைத்தது. "உங்க வலது கைப் பக்கம் ஸ்டூல் இருக்குதுங்க" என்றேன்.

உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். "இது ஊமையாப் போச்சுங்க அக்கா."

ஸ்பீக்கர் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அதுவல்ல விஷயம். போத்தனூர்ப் பக்கம் பார்வையற்ற பெண்களுக்குக் கணினி சொல்லித் தரும் சிறிய பயிற்சி மையம் ஒன்றில் அவர் ஆசிரியை. ஒரு மில் தன் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கணினிகளை அவர்களுக்குக் கொடுத்திருந்தது. திரையில் வருவதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இருந்தால்தான் அவை அவர்களுக்குக் கணினி. மின்சாரம் ஏறி இறங்கியோ, பழகும் பெண்கள் எதையாவது அமுக்கியோ ஒன்று கெட்டுப்போகும். கடைக்குக் கொண்டுபோவார்கள். கடைக்காரர் பழையதை அழித்துப் புதிதாக ஓ.எஸ். என்னும் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பார். பேசும் மென்பொருளும் அதோடு போய்விடும்.

"கொரல் வருதான்னு பாத்தீங்களான்னு கேட்டேனுங்க. எல்லாம் சூப்பரா வருதுங்க மேடம்னு சொன்னாங்க. சென்டருக்குக் கொண்டுபோய்ப் போட்டா ஒரு சத்தமும் இல்லீங்க. படம் நல்லா வந்திருக்கும் போல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அன்று நானே புதிதாக லினக்ஸ் என்ற இலவச ஓ.எஸ். போட்டு, பேசும் மென்பொருளையும் சேர்த்து, ஹெட்போனை அவர் கையில் கொடுத்தேன். விரல்கள் விசைப்பலகையில் ஓடின. ஹெட்போனிலிருந்து கசிந்த குரலின் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஏதோ ரேடியோவைத் திருகிவிட்டது போலிருந்தது. அவரோ ஒவ்வொரு மெனுவாக இறங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குதுங்க" என்றார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தவர் கிளம்பவில்லை.

"அக்கா, இதை நானே போட முடியாதுங்களா?"

"எதைங்க?"

"இந்த ஓ.எஸ்ஸைத்தானுங்க."

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். "அதுக்கு ஸ்க்ரீனைப் பாத்துப் பாத்து பட்டன் அமுத்தோணுமுங்க டீச்சர். பேசற சாப்ட்வேர் எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் வரும். அது வரைக்கும் கண்ணு வேணுமுங்க."

"அது ஒண்ணுதானுங்களா பிரச்சினை? வேற ஒண்ணும் இல்லீங்களா?"

வேறு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் குச்சியால் படியைத் தட்டிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு துடியலூரில் இருக்கும் வீடு வரை பஸ்ஸில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்த பழைய கணினியில் வழக்கமான இன்ஸ்டாலேஷன் சிடியைப் போட்டு, மானிட்டரை அணைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பல வருடங்களாகச் செய்கிற வேலை. எந்தக் கேள்விக்குப் பிறகு எந்தக் கேள்வி வரும் என்பது மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்று நினைத்தேன். சிடி சுழலும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி சுழன்றது. பிறகு மின்விசிறியின் இரைச்சல் மட்டும். அது வேலை செய்துகொண்டிருக்கிறதா, என்னிடம் ஏதாவது கேட்டுவிட்டுக் காத்திருக்கிறதா, இல்லை மொத்தமாக உறைந்துவிட்டதா? எதுவும் தெரியவில்லை. ஓர் எண்டர் தட்டினேன். தட்டியது சரியா தவறா என்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன்.

லேத் பட்டறை வைத்திருக்கும் என் கணவர் அந்தப் பக்கம் வந்தார். "என்ன அம்மணி, மானிட்டர் போயிருச்சா?"

"இல்லீங்க. நானாத்தான் நிறுத்தி வெச்சிருக்கறேன்."

"எதுக்கு?"

சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அணைந்திருந்த திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அதுவே வாயைத் தொறந்து சொல்லோணும்" என்றார்.

வேலை அப்படித்தான் தொடங்கியது.

அந்தக் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பென்டிரைவிலிருந்து தொடங்கத் தெரியாது. டிவிடியும் படிக்காது. ஆகவே எல்லாம் ஒரே சிடிக்குள் அடங்க வேண்டும். லினக்ஸில் ஒரு நல்லது உண்டு. யாரிடமும் அனுமதி கேட்காமல் பிரித்து, வேண்டாததைக் கழித்து, வேண்டியதைச் சேர்த்து, மறுபடி ஒரு சிடியாகக் கட்டிக்கொள்ளலாம். கழிக்க உட்கார்ந்தபோதுதான் ஒரு சாதாரண ஓ.எஸ்ஸுக்குள் எவ்வளவு சரக்கு அடைந்து கிடக்கிறது என்பது தெரிந்தது. யாரும் இங்கே பேசாத மொழிகளின் எழுத்துகள், எப்போதோ விற்பனை நின்றுபோன பிரிண்டர்களுக்கான டிரைவர்கள், படம் வரைய, படம் திருத்த, படம் பார்க்க என்று தனித்தனி மென்பொருள்கள், விளையாட்டுகள். வீடு மாற்றும்போது பரணில் ஏறியது போல இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வீச வீச மனசுக்கு இதமாக இருந்தது.

பின்னணிப் படங்களை என்ன செய்வது என்று தெரியாமல் டீச்சருக்குப் போன் போட்டேன். "அத்தனையும் எடுத்துறட்டுங்களா?"

"எங்களுக்கு எதுக்குங்க அக்கா படம்? எடுத்துருங்க" என்றவர், உடனே, "ஏனுங்க, ஒண்ணு மட்டும் இருக்கட்டும். யாராச்சும் பாக்க வந்தா ஸ்க்ரீன் கருப்பா இருந்தா நல்லா இருக்காதுங்களே" என்றார்.

"எந்தப் படம் வெக்கட்டும்?"

"பாக்கறவங்களுக்கு எது புடிக்கும்னு உங்களுக்குத்தானுங்க தெரியும்."

ஒரு மலைப் படத்தை மட்டும் விட்டு வைத்தேன்.

அடுத்தது குரல். கணினியே தமிழில் பேச வைக்கும் மென்பொருள் இன்ஸ்டாலேஷன் முடிந்த பிறகுதான் ஒழுங்காக வேலை செய்தது. தொடக்கத்தில் அதைப் பேச வைக்க என்னென்னவோ செய்து பார்த்தும் மசியவில்லை. கடைசியில், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மனிதக் குரலைப் பதிவு செய்து, அந்தந்தக் கட்டம் வரும்போது அதை ஒலிக்கச் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். யார் குரல்? கையில் இருந்தது என் குரல்தான்.

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பதிவு செய்தேன். "நிறுவல் பணி நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து காத்திருக்கவும்." அதைக் கேட்ட என் கணவர், "போத்தனூர் ஜங்சன்ல வண்டி லேட்டுன்னு சொல்றாப்பல இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. மறுபடி உட்கார்ந்தேன். எதிரில் டீச்சர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசினேன். "கொஞ்சம் பொறுங்க, வேலை நடந்துட்டு இருக்குதுங்க." "இப்ப பாதி முடிஞ்சுதுங்க." "சிடி சுத்தற சத்தம் நின்னாலும் பயப்படாதீங்க, உள்ள வேலை ஓடிட்டுத்தான் இருக்குது." பேசப் பேச வரிகள் தாமாகவே வந்தன. "பாதி முடிஞ்சுதுங்க" என்பதற்கு நடுவில் அடுப்படிக் குக்கர் ஒரு விசில் விட்டது. மறுபடி பதிவு செய்யச் சோம்பலாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

முதல் சிடியைப் பதிந்து எடுத்துக்கொண்டு போத்தனூர் போனேன். பயிற்சி மையம் ஒரு பழைய வீடு. முன்னறையில் சுவரோரமாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கணினி. டீச்சர் சிடியை வாங்கிய உடனே கவனித்தது நான் யோசித்தே பார்க்காத ஒன்றை. "எது மேல் பக்கமுங்க?" தடவிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் வழவழப்பாக இருந்தன. அவர் உள்ளே போய், துணிக்கு ஒட்டும் சின்ன ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கொண்டுவந்து, நான் சொன்ன மேல் பக்கத்தில், நடு ஓட்டைக்கு அருகே ஒட்டிக்கொண்டார். அவருடைய அப்பா கோட்டைமேட்டில் தையல் மிஷின் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறார். அங்கே எல்லாமே சின்னச் சின்னச் சாமான்கள்தான் என்றும், சின்ன வயதிலிருந்தே எதற்கும் ஓர் அடையாளம் ஒட்டி வைப்பது தன் பழக்கம் என்றும் சொன்னார்.

நான் பெருமையாக விளக்கினேன். "போட்டு ஆன் பண்ணுனா போதுமுங்க டீச்சர். எதையுமே கேக்காது. தானா பழசை அழிச்சு, தானாப் போட்டு முடிச்சுரும்."

அவர் சிடியை மேசையில் வைத்தார். "கேக்காமயே அழிச்சுப்போடுங்களா?"

"ஆமாங்க. கேட்டா நீங்க பதில் சொல்லோணும், அது கஷ்டம்னுதான்..."

"அது வேண்டாமுங்க அக்கா. ஒரே ஒரு வார்த்தை கேக்கட்டும். இந்தப் புள்ளைங்க டைப் அடிச்சு வெச்சதெல்லாம் உள்ள இருக்குமில்லீங்க. எண்டர் தட்டுனா ஓடற மாதிரியும் வேண்டாம். எண்டரை எல்லாருமே தெரியாமத் தட்டிருவோம். ஏதாச்சும் ஒரு வார்த்தை டைப் பண்ணுனாத்தான் அழிக்கோணும்."

ஆங்கில எழுத்துகளில் 'அழி' என்று தட்டினால் மட்டும் அழிப்பது என்று பேசி முடித்தோம். பதில் வராவிட்டால் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும், தானாக மேலே போகாது.

ஆனால் அன்று அதையெல்லாம்விடப் பெரிய பிரச்சினை ஒன்று காத்திருந்தது. கெட்டுப்போயிருந்த ஒரு கணினியில் சிடியைப் போட்டு ஓடவிட்டோம். டீச்சர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். சிடி சுழன்றது. திரையில் வரிகள் ஓடின, எல்லாம் நான் எழுதி வைத்தபடியே நடந்தன. குரல் மட்டும் வரவில்லை. என் கடையில் பேசிய சிடி அங்கே வாயைத் திறக்கவில்லை.

"ஆரம்பிச்சுதுங்களா?" என்றார் டீச்சர்.

"ஆரம்பிச்சுதுங்க. பேசத்தான் மாட்டேங்குது."

பின்னால் பழகிக்கொண்டிருந்த பெண்கள் தட்டச்சை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் காது கொடுத்திருந்தது தெரிந்தது. யாரும் குறை சொல்லவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தேடியதில் விஷயம் பிடிபட்டது. அந்தக் கணினிகளின் ஒலிச் சில்லு தொடங்கும்போதே ஒலியை முழுதாக மூடி வைத்துக்கொண்டுதான் எழும். யாராவது திரையைப் பார்த்துத் திறந்துவிட வேண்டும். முதல் வேலையாக எல்லா ஒலி வழிகளையும் திறந்துவிடும்படி சிடியில் எழுதினேன். அடுத்த முறை போனபோது இரண்டு கணினிகள் பேசின, மூன்றாவது பேசவில்லை. அது குரலை ஹெட்போனுக்கு அனுப்பாமல் மானிட்டர் கேபிள் வழியாக, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தபோது கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் பேசும்படி மாற்றினேன். அதற்கும் முன்னால், பெட்டிக்குள் இருக்கும் குட்டி பீப்பர் மூன்று முறை கத்த வேண்டும் என்றும் எழுதினேன். பீப் கேட்டுக் குரல் கேட்காவிட்டால், கோளாறு ஒலியில் என்றாவது தெரியுமே.

இதற்கிடையில் மையத்தில் தட்டச்சுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பாதிக் கணினிகள் ஊமையாகக் கிடந்தன. பெண்கள் முறை வைத்துக்கொண்டு பழகினார்கள். "அவசரமில்லீங்க அக்கா" என்று டீச்சர் ஒவ்வொரு முறையும் சொன்னார். அவசரம்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

எல்லாம் திருத்திய சிடியோடு நான் போன அன்று வெயில் நன்றாக அடித்தது. இன்னும் ஒரு வேலைக்கு மட்டும் கண் தேவைப்பட்டது. ஒவ்வொரு கணினியும் எழுந்தவுடன் முதலில் சிடியைப் பார்க்க வேண்டும் என்று உள்ளமைப்பில் மாற்றி வைப்பது. அந்தத் திரையைப் பேச வைக்க யாராலும் முடியாது. ஆனால் ஒருமுறை செய்தால் போதும். மேசை மேசையாகப் போய் அதை முடித்தேன். என் பையை வைக்க இடமில்லாமல் மூலையில் இரண்டு நாற்காலிகளைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

டீச்சர் ஒரு கணினியின் முன் உட்கார்ந்தார். புதிய சிடியிலும் ஒட்டியிருந்த பொட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க வெளிய உக்காந்துக்குங்க அக்கா" என்றார்.

"ஏதாச்சும் நின்னுபோச்சுன்னா?"

"நின்னா கூப்புடறேனுங்க."

வெளியே வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தூரத்தில் ஜங்சனில் ரயில் பெட்டிகளைக் கோக்கும் சத்தம். உள்ளே மூன்று பீப். அப்புறம் என் குரல். நம் குரலை வெளியே இருந்து கேட்பது ஒரு மாதிரியான கூச்சம். "வணக்கமுங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கறதெல்லாம் அழிஞ்சு போயிருமுங்க. அழிக்கோணும்னா 'அழி'ன்னு டைப் பண்ணி எண்டர் தட்டுங்க. வேண்டாம்னா சிடியை எடுத்துட்டு நிறுத்திப்போடுங்க." விசைகள் தட்டும் சத்தம். "சரிங்க, ஆரம்பிக்கறேன்."

அதன் பிறகு நேரம் நகரவே இல்லை. "பாதி முடிஞ்சுதுங்க" என்று குக்கர் விசிலோடு நான் சொன்னதும் உள்ளே எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "சோறு ஆயிருச்சுங்க டீச்சர்" என்றது ஒரு பெண் குரல். பிறகு மறுபடி அமைதி. அது நீண்டது. நான் எழுதி வைத்திருந்த கணக்குப்படி இந்நேரம் அடுத்த வரி வந்திருக்க வேண்டும். டீச்சர் கூப்பிடவில்லை. எழுந்து கதவு வரை போனேன். உள்ளே போகலாமா என்று யோசித்துக்கொண்டு நிலையைப் பிடித்தபடி நின்றேன். போனால் அவர் செய்தது பாழாகும். போகாவிட்டால்?

அப்போது வந்தது. "முடிஞ்சுதுங்க. சிடியை வெளிய எடுத்துக்குங்க. இனிமே அது பேசும்."

சிடித் தட்டு வெளியே வரும் சத்தம். கணினி அணைந்து எழுந்தது. பிறகு என்னுடையதல்லாத அந்த உலோகக் குரல், தமிழில், டீச்சருக்குப் பழக்கமான வேகத்தில் படபடவென்று பேச ஆரம்பித்தது. யாரோ கை தட்டினார்கள். நான் கதவருகிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் வாசலுக்கு வந்து, "அக்கா, எங்கீங்க?" என்று குச்சியை நீட்டித் தேடினார்.

"இங்க கீழ இருக்கறேனுங்க."

"ஏனுங்க கீழ உக்காந்துட்டீங்க?"

"சும்மாதானுங்க" என்றேன். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய மூச்சு வேகமாக இருந்தது. உள்ளே இருந்தபோது அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

பிறகு பெண்களும் ஆளுக்கொன்றாகப் போட ஆரம்பித்தார்கள். அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும், சோறு ஆகிவிட்டது என்று சொன்ன அந்தப் பெண், தன் முறைக்குச் சிடியை வாங்கிக்கொண்டு போய்த் தன் கணினியில் போட்டார். அதே நேரம் டீ வந்தது. டீயைக் குடித்துவிட்டு நிறுத்தி ஆன் செய்யலாம் என்று எல்லோரும் கூடிவிட்டோம். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. தலைக்கு மேல் மின்விசிறி தேய்ந்து நின்றது. ஓடிக்கொண்டிருந்த கணினிகள் எல்லாம் அணைந்தன.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் திரும்பி வந்தது. மின்சாரம் வந்ததும் தாமாகவே எழுந்துகொள்ளும்படி அந்தக் கணினிகளை மில்லிலேயே அமைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு எழுந்தன. அப்போது மூலையிலிருந்து மூன்று பீப் கேட்டது.

"வணக்கமுங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கறதெல்லாம் அழிஞ்சு போயிருமுங்க."

மூலையில் இருந்தது கெட்டுப்போன கணினி அல்ல. மையத்தின் பாடங்கள், ஒலிப்பதிவுகள், பெண்களின் தேர்வுப் பயிற்சிகள் எல்லாம் இருந்த ஒரே நல்ல கணினி அது. நான் நாற்காலிகளை நகர்த்திப் போட்டதில், நாற்காலியை வைத்து இடம் கண்டுபிடிக்கும் அன்னூர்ப் பெண் ஒரு மேசை தள்ளிப் போய்ச் சிடியைப் போட்டிருக்கிறார். ஓடிக்கொண்டிருந்த கணினிக்குள் சிடி சும்மா கிடந்தது. கரண்ட் போய் வந்ததும் அதற்கு உயிர் வந்துவிட்டது.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை.

சுவரைத் தடவிக்கொண்டு மேசை மேசையாக மூலைக்குப் போனார். நான் ஓடிப்போய் எடுத்திருக்கலாம். டம்ளரைப் பிடித்தபடி நின்றுவிட்டேன், அதுதான் உண்மை. அதற்குள் என் குரல் பொறுமையாக இரண்டாவது முறை கேட்டது. "அழிக்கோணும்னா 'அழி'ன்னு டைப் பண்ணி எண்டர் தட்டுங்க. வேண்டாம்னா..."

"வேண்டாமுங்க தாயி" என்று அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே டீச்சர் பொத்தானை அமுக்கித் தட்டை வெளியே இழுத்துச் சிடியை எடுத்தார். கணினியை நிறுத்தினார். மறுபடி ஆன் செய்தார். வழக்கமான குரல் எழுந்து வணக்கம் சொன்னது. பாடங்கள் இருந்த கோப்புறையைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராகப் படிக்க வைத்துக் கேட்டார். நாங்களும் கேட்டோம். ஒன்றும் போகவில்லை.

முதலில் சிரித்தவர் அன்னூர்ப் பெண்தான். சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டார். "நாந்தானுங்க டீச்சர் போட்டேன்" என்றார்.

"போட்டா என்ன கண்ணு? அது கேட்டுச்சில்ல" என்று டீச்சர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லோருமே சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்புக்கு நடுவில் என் பழைய சிடி நினைவுக்கு வந்தது. அவர் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்காமல் இருந்திருந்தால், நான் முதலில் கொண்டுவந்த சிடி டீ ஆறுவதற்குள் அத்தனையையும் துடைத்துவிட்டு, முடிந்தது என்று மரியாதையாகச் சொல்லியிருக்கும்.

அடுத்த வேலையாக அந்தப் பாடங்களை இரண்டு பென்டிரைவுகளில் நகலெடுத்தோம். ஒன்றை டீச்சர் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நாற்காலிகளை அதனதன் இடத்தில் திருப்பிப் போட்டேன். பொழுது சாய்வதற்குள் எல்லாக் கணினிகளும் பேசின. ஒரே நேரத்தில் எல்லாம் பேசும்போது அந்த அறை சந்தைக்கடை போல இருந்தது. அவர்களுக்கு அது சந்தோஷமான இரைச்சல். எனக்கும்தான்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. உக்கடம் குளத்தைத் தாண்டும்போது காற்று முகத்தில் அடித்தது. இத்தனை வாரங்களாகத் தோளை இறுக்கி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது, அது தளர்ந்தபோதுதான் தெரிந்தது. காந்திபுரத்தில் இறங்கியபோது கடையைத் திறந்து கொஞ்ச நேரம் வியாபாரம் பார்க்கப் பொழுது இருந்தது. திறக்கவில்லை. நேராகத் துடியலூர் பஸ் ஏறி, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

தேர்வு முடிந்தது. பெண்கள் தேறிவிட்டார்கள் என்று டீச்சர் போனில் சொன்னார். அதன் பிறகு ஓ.எஸ். போடுவதற்காக அவர் என் கடைக்கு வந்ததே இல்லை. விசைப்பலகை வாங்க வருவார், ஹெட்போன் வாங்க வருவார். ஒரு வியாபாரியாக வருத்தப்பட வேண்டிய விஷயம் அது. படியில் குச்சிச் சத்தம் கேட்கும்போது எனக்கு வந்தது சந்தோஷம் மட்டும்தான்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, கோட்டைமேட்டுல இருந்து பேசறேனுங்க. தம்பி கடைக் கம்ப்யூட்டர் படுத்துருச்சு. அது எப்பவுமே மொதல்ல சிடியைத்தான் பாக்குமுங்க, நம்ம சிடியைப் போட்டேன். ஓடிட்டு இருக்குதுங்க."

"ஏதாச்சும் பிரச்சினைங்களா? நான் வேணா வாரேனுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தம்பிதான் பெட்டிக்குள்ள இருந்து பேசறது யாருன்னு கேட்டுட்டு நிக்கறான். அவனுக்கு அதைவிட, நான் தனியாப் போடறதுதான் நம்ப முடியலை. மானிட்டரைத் தொடைச்சுத் தரட்டுமாக்கான்னு கேக்கறான். எனக்கு எதுக்குடா மானிட்டர்னு சொல்லிப்போட்டேன்."

பின்னால் கடைத்தெரு இரைச்சல், ஒரு தையல் மிஷின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கும் கடகடப்பு, ஓர் ஆண் குரல் சிரிப்பது எல்லாம் கேட்டன.

"அப்புறம் எதுக்குங்க கூப்புட்டீங்க?"

"சும்மா சொல்லலாம்னுதானுங்க அக்கா. வெக்கட்டுங்களா? முடியப் போகுது."

"வெய்யுங்க டீச்சர். முடிச்சுட்டுக் கூப்புடுங்க."

அவர் கூப்பிடவில்லை. நின்றால்தானே கூப்பிடுவார், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்பது சாயங்காலம் வரை எனக்குப் புரியவே இல்லை. புரிந்ததும், பழுது பார்க்கத் திறந்து வைத்திருந்த லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு, கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்தேன்.